நடக்கும் நாளில் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ஆகிய மாத்திரைகளை உட்கொண்டு வருகிறேன். ஒரு மாதமாக மாலையில் 45 நிமிடம் நடக்கிறேன். சில நாட்களில் நடந்து முடித்ததும் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டுகிறது. நடக்கும் நாட்களில் மட்டும் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், நடப்பதையும் கைவிட வேண்டாம். நடுக்கத்தையும் வியர்வையையும் நடந்த களைப்பு என்று ஒதுக்கிவிடுவோர் பலர். உங்கள் மாத்திரைகளைப் பார்க்கும்போது, ரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்குமோ என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும்.

உழைக்கும் தசை இன்சுலினுக்காகக் காத்திராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். கிளிமிபிரைடோ, சர்க்கரை ஏற்கெனவே குறைந்திருந்தாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும். இரண்டும் ஒரே நேரத்தில் நிகழும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுகிறது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோருக்கும் இதே இடர் உண்டு. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் வெளிவிடும் குளுக்கோஸைக் குறைப்பது. அதனால் மட்டும் தாழ்சர்க்கரை வருவது அரிது. ஆகவே இரண்டு மாத்திரைகளையும் சேர்த்து நிறுத்தினால், குற்றமற்ற மருந்தின் பயனையும் இழப்பீர்கள். மேலும், கிளிமிபிரைடின் செயல் ஏறக்குறைய நாள் முழுவதும் நீடிப்பதால், நடைக்குச் சற்று முன் ஒரு வேளையை விடுவதால் சிக்கல் தீராது.

ஒரு வாரத்துக்கு நடைக்கு முன்பும் பின்பும், நடுக்கம் வரும்போதும் குளுக்கோமீட்டரில் பார்த்து, நேரத்துடன் எழுதி வையுங்கள். நடைக்கு முன் 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால், மாவுச்சத்துள்ள சிற்றுணவு எதையாவது உண்டபின் கிளம்புங்கள். 70-க்குக் கீழே போனால் உடனே உட்கார்ந்து, 15 கிராம் குளுக்கோஸையோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீரையோ அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறாவிட்டால் அதையே திரும்பச் செய்யுங்கள். நடக்கும்போது குளுக்கோஸ் சட்டைப்பையில் இருக்கட்டும்; வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை.

உடலுழைப்பின் விளைவு நடை முடிந்ததும் நின்றுவிடுவதில்லை. இன்சுலினுக்கு உடல் கூடுதலாக இணங்கும் நிலை 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கலாம் என்பதால், மாலையில் நடப்பவருக்கு நள்ளிரவில் சர்க்கரை தாழ்வதும் உண்டு. நாள் முழுக்க வீட்டைச் சுத்தம் செய்வதும், தோட்டத்தில் மண் கொத்துவதும் தசைக்கு உழைப்பே. அன்றும் இதே கவனம் தேவை. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவரானால் படபடப்பும் நடுக்கமும் மறைந்து, வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக மிஞ்சக்கூடும்.

குறித்து வைத்த அளவுகளை மருத்துவரிடம் காட்டினால், கிளிமிபிரைடின் அளவைக் குறைப்பதா, தாழ்சர்க்கரை எளிதில் வராத வேறு மருந்துக்கு மாற்றுவதா என அவர் முடிவு செய்வார். (நடையால் மருந்து குறைவது நல்ல செய்தியே.) அந்த வாரத்தில் இரண்டு முறை 70-க்குக் கீழே இறங்கினாலோ, ஒருமுறையேனும் நினைவு தடுமாறினாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் உடனே அவரைச் சந்தியுங்கள்.