மந்திரியான சாமியாரும் நாடு கடத்தப்பட்ட ஆயரும்

கேள்வி: வணக்கம் சார். அப்பா எஸ்டேட்டில் யூனியன் கன்வீனர். அம்மா அன்பியத் தலைவி. மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் புரட்சி அரசு சாமியார்களையே மந்திரி ஆக்கியது என்பார் அப்பா. அன்னை தெரசா சபைச் சகோதரிகளையே விரட்டியது என்பார் அம்மா. ஞாயிறு பூசை முடிந்து வந்தாலே வீட்டில் இந்தப் பேச்சுதான். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி, சூரியநெல்லி

பதில்: மகளே, இரண்டும் நடந்தவை. அப்பா 1979-ஐச் சொல்கிறார், அம்மா 2022-ஐ. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் வீட்டில் பேச முடியும்.

1979 ஜூலை 19-ல் நிகராகுவாவை ஆண்ட சொமோசா குடும்பத்தின் சர்வாதிகாரம் விழுந்தது, சாண்டினிஸ்டா கட்சி ஆட்சிக்கு வந்தது. அதை வீழ்த்தியவர்களில் உங்கள் அம்மாவின் அன்பியம் போலவே வீடு வீடாகக் கூடி வேதம் வாசித்தவர்களும் இருந்தார்கள். அந்த நவம்பரிலேயே ஆயர்கள் சுற்றுமடல் எழுதினார்கள்: ஏழைகளுக்கு நியாயம் செய்யும் சோசலிசம் என்றால் எங்களுக்குத் தடையில்லை என்பது அதன் சாரம். எர்னஸ்தோ கார்தெனால் பண்பாட்டு மந்திரி ஆனார். மிகேல் தெஸ்கோதோ வெளியுறவு மந்திரி. இருவரும் குருக்கள். எர்னஸ்தோவின் தம்பி பெர்னாந்தோ ஒரு சேசு சபைக் குரு. 1980-ல் எழுத்தறிவு இயக்கத்தை அவர்தான் நடத்தினார். பள்ளிப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் மலைக் கிராமங்களில் போய்த் தங்கிக் கற்றுக்கொடுத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் வழியில் சரித்திரம் எடுத்தவன் நான். அந்த இயக்கம் நடந்த ஐந்து மாதத்தை இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துதான் சொல்கிறேன்.

பிறகு கசந்தது. 1982-ல் போப் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தைப் பத்திரிகையில் வெளியிட விடாமல் தணிக்கை தடுத்தது. 1983 மார்ச் 4-ல் போப் இரண்டாம் ஜான் பால் தலைநகர் மனாகுவாவில் இறங்கினார். விமான நிலையத்தில் முழந்தாளிட்ட எர்னஸ்தோவை, குருவாக இருந்துகொண்டே மந்திரியாகவும் இருப்பதற்காக விரல் நீட்டிக் கண்டித்தார். புரட்சி அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படை கொன்ற இளைஞர்களுக்கு, போப் பூசை வைத்த அதே திடலில் முந்தைய நாள்தான் அடக்கச் சடங்கு நடந்திருந்தது. பூசையில் அவர்களுக்காக ஒரு செபம் வரும் என்று தாய்மார்கள் காத்திருந்தார்கள், வரவில்லை. கூட்டம் கத்தியது, போப் "அமைதி!" என்று அதட்டினார். அந்தத் தாய்மார்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

அரசின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. கான்ட்ராக்களுக்குப் பணமும் ஆயுதமும் அமெரிக்கா கொடுத்தது; ஆயர்களில் சிலர் அதைக் கண்டிக்க மறுத்தார்கள். ஆனாலும் 1986-ல் கத்தோலிக்க வானொலியை மூடியதையும், ஆயர் பாப்லோ வேகாவை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டதையும் நான் ஏற்க மாட்டேன்.

இடையில் ஆட்சியை இழந்த அதே சாண்டினிஸ்டா கட்சியின் தலைவர் ஒர்தேகா 2007-ல் திரும்ப ஆட்சிக்கு வந்தார். 2018-ல் மக்கள் அவர் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கியபோது பல பங்குக் கோயில்கள் அடிபட்டவர்களுக்குக் கதவைத் திறந்தன. அதற்குப் பிறகுதான் உங்கள் அம்மா சொல்வது. 2022 ஜூலையில் அன்னை தெரசா சபைச் சகோதரிகள் 18 பேர் வெளியேற்றப்பட்டார்கள். மத்தகல்பா ஆயர் ரோலாந்தோ அல்வாரெசுக்கு 2023 பிப்ரவரியில் 26 ஆண்டு சிறைத் தண்டனை, குடியுரிமையும் பறிப்பு. 2024 ஜனவரியில் ரோமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்பாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள். அவர் பெருமையோடு சொல்லும் அந்தச் சாமியார் மந்திரி எர்னஸ்தோவும் கடைசிக் காலத்தில் ஒர்தேகாவை எதிர்த்தார். 2020 மார்ச்சில் இறந்தார். மனாகுவா பேராலயத்தில் அவர் பெட்டி இருக்கும்போதே ஆளுங்கட்சி ஆட்கள் புகுந்து "துரோகி" என்று கத்தினார்கள்.

கேள்வி: ஆயர் அரசியல் பேசினால் நடவடிக்கை எடுப்பதில் என்ன தவறு? மதச் சுதந்திரம் என்பது பூசை வைக்கும் சுதந்திரம்தானே?
– வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: இல்லை ஐயா. கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளி உட்கார்ந்தபோது பங்குச்சாமி பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் கைதட்டுகிறோமே, அதுவும் அரசியல்தான். நமக்குப் பிடித்ததைச் சொன்னால் தீர்க்கதரிசனம், பிடிக்காததைச் சொன்னால் குற்றம் என்று வைக்க முடியாது. ஆயுதம் சேர்த்தால் வழக்குப் போடட்டும், திறந்த நீதிமன்றத்தில் நிரூபிக்கட்டும். பேச்சைத் தடுக்கத் தொடங்கிய அரசு பூசையோடு நிற்பதும் இல்லை. 2023 தவக்காலத்தில் நிகராகுவாவில் சிலுவைப்பாதை தெருவுக்கு வரத் தடை. கோயில் வளாகத்துக்குள்ளேயே சுற்றினார்கள்.

கேள்வி: 1957-ல் கேரளத்தில் நடந்ததும் இதே கதையா?
– வாசகர், மறையூர்

பதில்: அல்ல. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அரசு ஓட்டில் வந்தது. தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் கல்வி மசோதாவை எதிர்த்துக் கிறிஸ்தவ சபைகளும் நாயர் சமூக அமைப்பான என்.எஸ்.எஸ்ஸும் கிளம்பின. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958-ல் நீதிமன்றம் சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவைக் காட்டிச் சில விதிகள் செல்லாது என்றது, மசோதா திருத்தப்பட்டது. 1959 ஜூனில் அங்கமாலியில் போராடியவர்களைப் போலீஸ் சுட்டு ஏழு பேர் செத்தது மன்னிக்க முடியாதது. ஆனால் எந்த ஆயரும் நாடு கடத்தப்படவில்லை. ஜூலை 31-ல் கலைக்கப்பட்டது அரசுதான், அதுவும் எனக்குச் சம்மதமில்லை.

நம் தேவிகுளத்தில் 1958 இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக நின்று ஜெயித்த ரோசம்மா புன்னூஸ் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவருக்காக இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் பாடியதை நேரில் கேட்டவர்கள் உங்கள் லயத்தில் யாராவது இருந்தால், அன்றைக்குக் கோயிலில் என்ன பேசினார்கள் என்றும் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவோம்.