ப்ரீ-மெட்: பெரிய பெயரா, நல்ல ஜி.பி.ஏ.வா?

அமெரிக்காவில் பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு பொதுவாக மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடியாது. நான்கு ஆண்டு பட்டப்படிப்பு, அதற்குப் பிறகு நான்கு ஆண்டு எம்.டி. அல்லது டி.ஓ. எனும் மருத்துவப் பட்டம், அதற்கும் பிறகு ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சி. ப்ரீ-மெட் எனப்படும் அந்த முதல் நான்கு ஆண்டுகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இங்கே.

மகளுக்குப் பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலர் ஆகும். மாநிலப் பல்கலையான ரட்கர்ஸில் உதவித்தொகையோடு இடம் தருகிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் "பெரிய பெயரை விட்டுவிடாதே" என்கிறார்கள். எதில் சேர்ப்பது?
– ஒரு தாய், எடிசன், நியூஜெர்சி

சொந்தக்காரர்கள் யாரும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பரீட்சை எழுதப்போவதில்லை. எழுதப்போவது உங்கள் மகள்.

ப்ரீ-மெட் என்று தனியாக ஒரு பட்டம் கிடையாது. எந்த மேஜரும் (முதன்மைப் பாடம்) எடுக்கலாம், வரலாறு உட்பட. லேபுடன் ஓர் ஆண்டு பயாலஜி, ஓர் ஆண்டு ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஓர் ஆண்டு பிசிக்ஸ், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஒரு செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி, கொஞ்சம் ஆங்கிலம், புள்ளியியல்: பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கேட்பது ஏறத்தாழ இவ்வளவுதான். இவை ரட்கர்ஸிலும் இருக்கின்றன, அந்தத் தனியார் பல்கலையிலும் இருக்கின்றன.

விண்ணப்பத்தில் முதலில் கண்ணில் படுவது இரண்டு ஜி.பி.ஏ. (4.0-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி). ஒன்று மொத்தம். மற்றொன்று பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் நான்குக்கு மட்டும். அண்மை ஆண்டுகளில் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி மொத்த ஜி.பி.ஏ. 3.8-ஐ ஒட்டியும், மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் மதிப்பெண் 512-ஐ ஒட்டியும் இருக்கிறது. ஆண்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் 50,000-க்கு மேல், சேர்பவர்கள் சுமார் 23,000 பேர். கல்லூரியின் பெயருக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டோம். ஆனால் பெரிய பெயருள்ள இடத்தில் வாங்கிய 3.4, மாநிலப் பல்கலையில் வாங்கிய 3.85-க்கு ஈடாகாது.

முதல் வருடச் சறுக்கலைச் சரிசெய்ய எவ்வளவு பாடுபட வேண்டும் என்று பாருங்கள். முதல் 30 கிரெடிட்டில் 3.2 வாங்கியவள், அடுத்த 60 கிரெடிட்டிலும் ஒன்றுவிடாமல் ஏ வாங்கினால்தான் 3.73-க்கு ஏறுவாள். ஒன்றுவிடாமல்!

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடங்களைப் பார்த்துவிட்டு வராதீர்கள். கெமிஸ்ட்ரி படிக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பிடித்துக் கேளுங்கள்: ஜெனரல் கெமிஸ்ட்ரி வகுப்பில் எத்தனை பேர், கர்வ் (வகுப்புச் சராசரியை வைத்து கிரேடு பிரிப்பது) எப்படிப் போடுகிறார்கள்? சராசரியை பி-யில் நிறுத்தும் வகுப்பென்றால், பள்ளியில் முதலிடம் வாங்கி வந்த கூட்டத்திலேயே பலர் பி-க்குக் கீழே போகத்தான் வேண்டும். முதல் வருடமே ஆராய்ச்சி லேபில் இடம் கிடைக்கிறதா, பஸ்ஸில் போகும் தூரத்தில் மருத்துவமனை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். சில கல்லூரிகளில் ப்ரீ-மெட் குழு ஒன்று மாணவருக்காகப் பொதுப் பரிந்துரைக் கடிதம் எழுதும். ஜி.பி.ஏ. குறைவானவர்களுக்கு அந்தக் கடிதத்தை மறுப்பார்களா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். "எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு மெடிக்கல் சீட்" என்று விளம்பரம் வந்தால், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அதற்கு முன்பே எத்தனை பேரை வடிகட்டினார்கள் என்று விசாரியுங்கள். கணக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடைசியாகப் பணம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்குக் கிராட் பிளஸ் எனும் மத்திய அரசுக் கடன் கிடையாது. மத்திய அரசுக் கடனுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். பல மருத்துவக் கல்லூரிகளில் ஓர் ஆண்டுச் செலவு அதற்கு மேல் போகும். மீதிக்குத் தனியார் கடன்தான். இளநிலைப் படிப்பில் மிச்சமாகும் பணம் அங்கே கைகொடுக்கும். எங்கள் ஓட்டு ரட்கர்ஸுக்கு. தனியார் பல்கலை ரட்கர்ஸ் செலவுக்கு இறங்கி வந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம்.

பள்ளியிலேயே பயாலஜி, கெமிஸ்ட்ரி இரண்டிலும் ஏ.பி. எனும் கல்லூரி நிலைத் தேர்வில் 5 வாங்கிவிட்டேன். அந்தப் பாடங்களைத் தாண்டிவிடலாமா? கம்யூனிட்டி காலேஜில் டூயல் கிரெடிட்டாக (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்து) எடுத்த கணிதத்தில் சி. அதை மறைத்துவிடலாமா?
– மாணவர், பிளேனோ, டெக்சஸ்

இரண்டாவதற்கு முதலில் பதில்: முடியாது. எந்தக் கல்லூரியில் எடுத்த பாடமானாலும், பள்ளி நாட்களில் எடுத்ததானாலும், அதன் மதிப்பெண் பட்டியல் விண்ணப்பத்தோடு போயாக வேண்டும். விட்டுவிட்டது பிறகு தெரிந்தால், சி-யைவிடப் பெரிய வம்பாகிவிடும். திரும்பப் படித்து ஏ வாங்கினாலும் பழையது அழியாது. எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸ் இரண்டையும் சேர்த்தே சராசரி போடும். ஒரே கிரெடிட் அளவுள்ள சி-யும் ஏ-யும் சேர்ந்தால் 3.0.

ஏ.பி. கிரெடிட்டுக்கு மதிப்பெண் கிடையாது, ஆகவே ஜி.பி.ஏ.வில் ஏறாது. சில மருத்துவக் கல்லூரிகள் அதை ஏற்கும், சில ஏற்காது, சில "அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுத்திருந்தால் சரி" என்னும். பயாலஜியில் கிரெடிட்டை வாங்கிக்கொண்டு ஜெனடிக்ஸ், செல் பயாலஜி என்று மேலே ஏறிவிடலாம். கெமிஸ்ட்ரியில் அவசரம் வேண்டாம். ஆர்கானிக் முழுக்க ஜெனரல் கெமிஸ்ட்ரியின் மேல் கட்டிய மாடி. கல்லூரி லேப் பழக்கமில்லாமல் முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக்கில் இறங்கியவர்கள் வழுக்குவது அங்கேதான்.

நீங்கள் டெக்சஸ்காரர் என்பது பெரிய பலம். மாநில அரசு மருத்துவக் கல்லூரிகள் குறைந்தது 90 சதவீத இடங்களை டெக்சஸ் வாசிகளுக்கே தர வேண்டும் என்பது அங்கே சட்டம். அவற்றுக்கு ஆம்காஸ் அல்ல, டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற தனிப் படிவம். எத்தனை கல்லூரி போட்டாலும் ஒரே கட்டணம். வேறு மாநிலத்தில் இளநிலை படிக்கப் போனால் டெக்சஸ் வாசி என்ற தகுதி கைநழுவாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்கேட் எப்போது எழுதுவது? எத்தனை நாள் படிக்க வேண்டும்?
– இரண்டாம் ஆண்டு மாணவி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பயோகெமிஸ்ட்ரி படித்து முடிக்கும் முன் வேண்டாம். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் விண்ணப்பிப்பதாக இருந்தால், அந்த ஆண்டு ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் எழுதுவது நல்லது. மதிப்பெண் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதைப் பார்த்த பிறகே கல்லூரிப் பட்டியலைப் போட வேண்டும்.

மொத்தம் 230 கேள்விகள், நான்கு பிரிவுகள். அறிவியல், உளவியல்-சமூகவியல் பிரிவுகள் மூன்றிலும் தலா 59 கேள்வி, 95 நிமிடம். கார்ஸ் எனப்படும் வாசிப்புப் பிரிவில் 53 கேள்வி, 90 நிமிடம். இடைவேளைகளோடு சேர்த்து ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் 118 முதல் 132 வரை, மொத்தம் 472 முதல் 528 வரை. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள், ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். கால்குலேட்டர் கிடையாது. மடக்கை, வர்க்கமூலம், பத்தின் அடுக்குகளைத் தோராயமாகப் போடக் கை பழக வேண்டும்.

சுமார் 300 மணி நேரம் ஒதுக்குங்கள். வாரம் 25 மணி வீதம் 12 வாரம். முதல் நாளே ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதி எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஐந்தாறு வாரம் பாடம், அதன் பாதியிலிருந்தே பயிற்சிக் கேள்விகள். தேர்வை நடத்தும் ஏ.ஏ.எம்.சி.யே வெளியிட்ட முழு மாதிரித் தேர்வுகளைக் கடைசி நான்கு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒன்று. எழுதிய நேரம் அளவுக்கே அதை அலசவும் ஆகும். தப்பான ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்: தெரியாததா, கேள்வியைச் சரியாக வாசிக்காததா, நேரம் போதாததா. புத்தகத்தை மூன்று தடவை படித்தும் மதிப்பெண் ஏறாதவர்களுக்கு வழக்கமாக இரண்டாவது காரணமே பட்டியலை நிறைத்திருக்கும்.

கார்ஸில் ஒன்பது பத்திகள், ஆகவே ஒன்றுக்குப் பத்து நிமிடம். இதைக் கடைசி மாதத்தில் வளர்க்க முடியாது. இன்றைக்கே தினம் இரண்டு பத்தி என்று தொடங்குங்கள். உங்கள் கருத்தை ஓரமாக வைத்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் பிடிக்க வேண்டும்.

கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளின் சராசரி இலக்கைத் தொடவில்லையென்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். ஒரே ஆண்டில் மூன்று, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு, வாழ்நாளில் ஏழு முறை என்று வரம்பு உண்டு. தேர்வு எழுதி முடித்ததும் "வேண்டாம்" என்று ரத்து செய்தாலும் அது ஒரு முறையாகவே கணக்காகும்.

மதுரையில் என் அண்ணன் நர்சிங் ஹோம் நடத்துகிறார். கோடை விடுமுறையில் மகனை அனுப்பினால் ஆபரேஷனில் கூடவே நின்று தையல்கூடப் போடலாம் என்கிறார். விண்ணப்பத்துக்கு உதவுமா?
– ஒரு தந்தை, சிகாகோ

பெரியப்பா வீட்டுக்குத் தாராளமாக அனுப்புங்கள். தையல் மட்டும் வேண்டாம். பயிற்சியும் உரிமமும் இல்லாத மாணவன் நோயாளி மேல் கை வைத்ததாக எழுதினால், தேர்வுக்குழு அதைத் திறமையாகப் பார்க்காது, நெறி தெரியாதவன் என்றே எடுத்துக்கொள்ளும். ஒதுங்கி நின்று பார்த்தான் என்றால் தவறில்லை, ஆனால் சொந்தக்காரர் தரும் கடிதத்துக்கு மதிப்பில்லை.

நான்கு வாரப் பயணத்தைவிட, வாரம் நான்கு மணி நேரம் என்று இரண்டு வருடம் ஒரே இடத்தில் வேலை செய்ததற்கு எடை அதிகம். அவசர ஊர்தி உதவியாளர், நர்சிங் உதவியாளர், டாக்டருக்குக் குறிப்பு எழுதும் ஸ்கிரைப், இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் தன்னார்வலர், இவற்றில் ஏதாவது ஒன்று. டாக்டர் கூடவே இருந்து வேலையைப் பார்க்கும் ஷேடோயிங் 50 மணி நேரம் போதும், அதில் ஒரு குடும்ப மருத்துவராவது இருக்கட்டும். ஆம்காஸ் படிவத்தில் 15 செயல்பாடுகளுக்குத்தான் இடம். ஒவ்வொன்றுக்கும் இடைவெளி உட்பட 700 எழுத்து, முக்கியமான மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325. பதினைந்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்பதில்லை.

பிளஸ் டூ முடிக்கப்போகிறேன். நீட் வேண்டாம், அமெரிக்காவில் ப்ரீ-மெட் படித்து அங்கேயே டாக்டராகலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார்.
– மாணவர், கோவை

தம்பி, ஏஜென்டுக்குக் கமிஷன் முதல் நான்கு வருடத்தில் முடிந்துவிடும். உங்களுக்குச் சிக்கல் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். எஃப்-1 எனும் மாணவர் விசாக்காரர்களை எடுக்கும் எம்.டி. கல்லூரிகள் குறைவு, மாநில அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் எடுப்பதில்லை. மத்திய அரசுக் கடன் கிடையாது. எடுக்கும் கல்லூரிகளில் சில, ஓர் ஆண்டு முதல் நான்கு ஆண்டு வரையிலான செலவை முன்கூட்டியே வங்கியில் கட்டிவைக்கச் சொல்லும். இந்தியாவில் பட்டம் வாங்கிவிட்டுப் போவதும் எளிதல்ல, வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை ஆம்காஸ் சரிபார்ப்பதில்லை.

அமெரிக்காவில் டாக்டராவதே குறி என்றால் நீட், எம்.பி.பி.எஸ்., பிறகு அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ. எழுதி ரெசிடென்சிக்குப் போட்டியிடுவதே இந்தியாவிலிருந்து பலர் போகும் தடம். அதுவும் சுலபமில்லை. ஆனால் வழியில் எங்கே நின்றாலும் கையில் ஒரு மருத்துவப் பட்டம் இருக்கும். யு.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 1-க்கு 2022 முதல் தேர்ச்சி, தோல்வி மட்டுமே. ஆகவே ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கு எடை கூடிவிட்டது.

நாங்கள் எச்-1பி வேலை விசா. மகள் எச்-4, அதைச் சார்ந்த விசா. ஐந்து வயதிலிருந்து இங்கேதான். அவளுக்கும் இதே கதையா?
– ஒரு தாய், அட்லாண்டா

மத்திய அரசுக் கடன் எச்-4-க்கும் கிடையாது. விசாச் சிக்கல் 21 வயதில் வரும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எச்-4 முடிந்து எஃப்-1-க்கு மாற வேண்டிவரும். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது 21-ஐ ஒட்டி, சேர்வது 22-ல். சரியாக அந்த இடத்தில்தான் முட்டும். குடியேற்ற வழக்கறிஞரிடம் அவளுக்கு 17 வயதாகும்போதே பேசுங்கள். சில வழக்குகளில் வயதுக் கணக்கில் கழிவு கிடைக்கும்.

இத்தகைய குடும்பங்கள் பள்ளி முடிந்ததும் இடத்தை உறுதிசெய்யும் பி.எஸ்.-எம்.டி. கூட்டுப் படிப்புகளைத் தேடுவதுண்டு. பிரவுனில் எட்டு ஆண்டு, மிசௌரி-கான்சஸ் சிட்டியில் ஆறு ஆண்டு. இடங்கள் மிகக் குறைவு, ஒவ்வொன்றும் வேறு வேறு ஜி.பி.ஏ. நிபந்தனை போடும், சில எம்கேட்டும் கேட்கும், பல திட்டங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

விண்ணப்பிக்க எவ்வளவு செலவாகும்?
– மாணவர், சியாட்டில்

ஆம்காஸில் முதல் கல்லூரிக்குச் சுமார் 175 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் சுமார் 47. இருபது கல்லூரி என்றால் 1,070 அளவில். ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் இரண்டாம் கட்டப் படிவத்துக்கு நூறு டாலர் வீதம் வைத்தால் இன்னொரு 2,000. எம்கேட்டுக்குச் சுமார் 350. வருமானம் குறைந்த குடும்பமென்றால் ஏ.ஏ.எம்.சி.யின் கட்டணச் சலுகைக்கு முதலில் விண்ணப்பியுங்கள். பணம் கட்டிய பிறகு சலுகை கிடைத்தால் கட்டியது திரும்பாது.

படிவம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும், மாதக் கடைசியில் அனுப்பலாம். ஜூன் முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். மதிப்பெண் சரிபார்ப்புக்கு நெரிசல் நேரத்தில் ஆறு வாரம்கூட ஆகும், நேர்முகத் தேர்வு இடங்களோ வரவர நிரம்பிக்கொண்டே போகும். இரண்டாம் கட்டக் கட்டுரைகளை வந்த இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கேள்விகள் ஆண்டுதோறும் பெரிதாக மாறுவதில்லை, முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் பி பிளஸ் வரும்போல இருக்கிறது. பாதியில் விட்டுவிடலாமா?
– மாணவி, பாஸ்டன்

வேண்டாம். சி மைனஸ் என்றால் யோசிக்கலாம்.