இரண்டு வயதுக் குழந்தையுடன் சிங்கப்பூர்: கடலோரக் குடும்பங்களின் கேள்விகளும் என் பதில்களும்

நம் இராமநாதபுரம் கடலோரத்தில் சிங்கப்பூரில் உறவினர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி ஒரு வாரம் கடலில் கிடந்து போன ஊருக்கு, இன்று திருச்சியிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். என் பிள்ளைகள் இருவரையும் மூன்று வயது நிறைவதற்குள் அங்கே அழைத்துச் சென்று வந்தவள் என்பதால், விடுமுறைக்குப் புறப்படவிருக்கும் சில குடும்பத்தினர் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு தாய்: என் கணவர் துபாயில் வேலை செய்கிறார். நானும் என் உம்மாவும் ஒன்றரை வயது மகளை அழைத்துக்கொண்டு போகிறோம். அவர் இங்கே இல்லாமல் குழந்தைக்குக் கடவுச்சீட்டு எடுக்க முடியுமா?

முடியும். பெற்றோர் இருவரின் சம்மதத்தையும் தெரிவிக்கும் ‘இணைப்பு டி’ (Annexure D) உறுதிமொழியில் உங்கள் கணவர் துபாயிலேயே கையொப்பமிட்டு, அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றளிக்கச் செய்து, தம் கடவுச்சீட்டின் நகலுடன் அனுப்ப வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தை என்பதால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும். குழந்தையின் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெற்றோர் பெயர்கள் உங்கள் கடவுச்சீட்டுகளில் உள்ள எழுத்துகளோடு ஒத்திருக்கின்றனவா என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்பே சரிபாருங்கள். நம் பக்கத்துப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்திருப்பதால், பெரும்பாலான அலைச்சல் இங்கேதான் தொடங்குகிறது.

மடியில் அமரும் குழந்தைக்கும் தனி விசா தேவை. புறப்படும்போது, குழந்தையை அழைத்துச் செல்லத் தமக்குச் சம்மதம் என்று கணவர் எழுதிய கடிதம் ஒன்றையும் பிறப்புச் சான்றிதழின் நகலையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் கேட்கும் வருகை அட்டையைத் தரையிறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அன்று என்று அறிந்து விலகிவிடுங்கள்.

தொண்டியிலிருந்து ஒரு தந்தை: எங்கள் மகனுக்குச் சிங்கப்பூரில் இருக்கும்போதே இரண்டு வயது நிறைகிறது. பயணச்சீட்டை எப்படி எடுப்பது?

போகும்போது மடிக்குழந்தை, திரும்பும்போது தனி இருக்கை. இரண்டு வயது நிறைந்த நாளிலிருந்து குழந்தைக்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும் என்பதால், பிறந்தநாள் எந்தப் பயணத்துக்கு முன் வருகிறது என்பதே கணக்கு. பிறந்தநாளுக்கு முன்பே ஊர் திரும்பும்படி தேதியை மாற்ற முடியுமானால் ஒரு கணிசமான தொகை மிஞ்சும்.

இராமநாதபுரத்திலிருந்து ஒரு தாய்: அக்கா, நேர வித்தியாசத்தால் குழந்தையின் தூக்கம் கெடும் என்கிறார்களே, எத்தனை நாள் முன்பாகப் பழக்க வேண்டும்?

பழக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடுவதாக இருந்தால், அங்குள்ள கடிகாரம் எதைக் காட்டினாலும் குழந்தையை இராமநாதபுரத்து நேரத்திலேயே விட்டுவிடுங்கள். இங்கே இரவு ஒன்பது மணிக்குத் தூங்கும் குழந்தை அங்கே பதினொன்றரைக்குத் தூங்கும். இங்கே ஆறரைக்கு விழிப்பது அங்கே ஒன்பது மணி. இது தொல்லை போலத் தோன்றினாலும் உண்மையில் பெரும் வசதியாகும். ‘கார்டன்ஸ் பை தி பே’ எனப்படும் வளைகுடாத் தோட்டத்தில் ஐம்பது மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் செயற்கை மரங்களில் நடக்கும் இலவச ஒளிக்காட்சி இரவு 7.45 மணிக்கும் 8.45 மணிக்கும் தொடங்குகிறது. நம் குழந்தைக்கு அது மாலை ஐந்தேகாலும் ஆறேகாலும்தான் என்பதால், அழுகையின்றிக் கண்கொட்டாமல் பார்க்கும். இங்கே ஒரு மணிக்குத் தூங்கும் பகல் தூக்கம் அங்கே மூன்றரை மணிக்கு வருகிறது. வெக்கை உச்சத்தில் இருப்பதும், பல நாள்களில் மழை கொட்டுவதும் பெரும்பாலும் பிற்பகலில்தான். அந்த இரண்டு மணி நேரம் விடுதி அறையில் திரையை இழுத்துவிட்டுப் பெரியவர்களும் காலை நீட்டிப் படுத்துவிடலாம்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதல் பயணத்தில் ஒரு பயண முகவர் வகுத்துத் தந்த திட்டப்படி காலை ஏழு மணிக்கு வேன் வந்து நின்றது. அது என் மகனுக்கு விடியற்காலை நான்கரை மணி. விலங்குக் காட்சிசாலையில் ஒட்டகச்சிவிங்கியின் முன்னால் அவன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். பிற்பகலில் இன்னோர் இடத்துக்கு இழுத்துச் சென்றபோது அழுத அழுகையில் நாங்கள் பாதியிலேயே திரும்பினோம். இரண்டாம் முறை முகவரின் திட்டத்தை ஏற்காமல், ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் பத்தரை மணிக்கு மேல் என்று வைத்துக்கொண்டோம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அந்தக் காட்சிசாலையில் நுழைவுக் கட்டணம் இல்லாததால், பாதி பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் குழந்தைக்காகக் கட்டிய பணம் வீணானதாக மனம் அடித்துக்கொள்ளாது.

பெரியபட்டினத்திலிருந்து ஒரு பாட்டி: பேரனுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. மசாலாப் பொடி, தொதல், கருவாடு எல்லாம் எடுத்துப் போகலாமா?

தொதலைத் தாராளமாகக் கொண்டுபோங்கள்; மலாய்க்காரர்களும் ‘டோடோல்’ என்று இதையேதான் செய்கிறார்கள், ஆனால் நம் கீழக்கரைத் தொதலின் கருப்பட்டி மணம் வேறு. மசாலாவில்தான் எச்சரிக்கை வேண்டும்: கசகசா சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பார்வையில் தடைசெய்யப்பட்ட பொருள். பெட்டியின் ஓரத்தில் பொட்டலமாகக் கட்டிவைத்த கசகசா மட்டுமன்றி, அதை வறுத்து அரைத்துக் கலந்த குருமாப் பொடியையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் உள்ள புகையிலைக்கும் அங்கே இடமில்லை. கருவாட்டைப் பொறுத்தவரை, அதன் வாடை குழந்தையின் துணிகளில் ஏறினால் பயணம் முழுவதும் போகாது என்பதே அதை விட்டுச் செல்லப் போதிய காரணம்.

பேரனுக்குச் சத்துமாவும் பொட்டுக்கடலைப் பொடியும் இரண்டு நாளுக்குப் போதுமான அளவு இருந்தால் போதும். சிராங்கூன் சாலையை ஒட்டிய ‘லிட்டில் இந்தியா’ பகுதியில் இட்லியும் தயிர்ச்சோறும் எளிதாகக் கிடைக்கும். குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். விமானத்தில் குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் நூறு மில்லி வரம்பு பொருந்தாது. வெந்நீர் வேண்டுமானால் பணிப்பெண்களிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

மண்டபத்திலிருந்து ஒரு தந்தை: தள்ளுவண்டி எடுத்துப் போவது சுமையா, உதவியா?

உதவிதான், ஒரு கையால் மடிக்கக்கூடியதாக இருந்தால். விமானத்தின் வாசல்வரை தள்ளிச்சென்று அங்கே ஒப்படைக்கலாம். ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. பேருந்திலும் 2017 முதல் விரித்தபடியே ஏற்றலாம். 0.9 மீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கு ரயிலிலும் பேருந்திலும் கட்டணம் இல்லை. ரயிலுக்குள் தின்பண்டத்தைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும்.

கார் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. 1.35 மீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குத் தக்க இருக்கை காரில் கட்டாயம். சாதாரண டாக்சிக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. செயலியில் வரவழைக்கும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. எனவே டாக்சி என்று குறிப்பிட்டே அழையுங்கள், இல்லையேல் குழந்தை இருக்கையுள்ள வண்டியைக் கேளுங்கள்.

இராமேசுவரத்திலிருந்து ஒரு தாய்: எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது?

செந்தோசாக் கடற்கரையை விட்டுவிடுங்கள். அரியமானில் அலை தொட்டு வளரும் குழந்தைக்கு அது புதிதன்று. ஓட்டுநர் இல்லாத ரயிலின் முன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பதை விடாதீர்கள். உயரப் பாதையில் ஓடும் பொங்கோல் வட்டார ரயிலில் ஒரு சுற்று வந்தால் அரை நாள் மகிழ்ச்சி. வளைகுடாத் தோட்டத்தின் சிறுவர் பூங்காவில் தண்ணீரில் ஆடலாம், மாற்றுடை மறவாதீர்கள், திங்கட்கிழமை மூடியிருக்கும். உடன்வரும் பெரியவர்களுக்காக ஒரு முற்பகலை ஒதுக்கினால், 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயிலையும், அதே சாலையில் உள்ள சூலியா பள்ளிவாசலையும், தெலுக் ஆயரில் 1830-இல் கட்டி முடிந்த நாகூர் தர்காவையும் பார்க்கலாம். கடலைத் தூர்ப்பதற்கு முன் தெலுக் ஆயர்தான் கரை; நம் பக்கத்துத் தோணிக்காரர்கள் காலை வைத்த இடம்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தந்தை: அங்கே காய்ச்சல் வந்தால்?

குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் பாராசிட்டமால் மருந்தை, மருத்துவர் எடைக்கு ஏற்ப எழுதிக்கொடுத்த அளவுச் சீட்டுடன் இங்கிருந்தே கொண்டுபோங்கள். புட்டிக்குப் புட்டி வீரியம் வேறுபடுவதால், அங்கே வாங்கிய புதிய புட்டியில் பழைய அளவை ஊற்றிக் கொடுத்துவிடக் கூடாது. அங்கே மருத்துவச் செலவு அதிகம் என்பதால் குழந்தையின் பெயரையும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுங்கள். புறப்படும் நாளிலேயே காய்ச்சல் அடித்தால் தேதியைத் தள்ளிவையுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.