கீபோர்டு விளக்கைக் கட்டளை வரியிலிருந்து மாற்றுவது எப்படி?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய மெக்கானிக்கல் கீபோர்டின் நிறத்தை லினக்ஸில் கட்டளை மூலம் மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓப்பன்ஆர்ஜிபி என்ற திறமூல மென்பொருள் உங்கள் மாதிரியை ஆதரித்தால் முடியும். அதை 'லிஸ்ட்-டிவைசஸ்' விருப்பத்துடன் இயக்கினால், கண்டறிந்த சாதனங்களை 0 முதல் எண்ணிட்டுக் காட்டும். பிறகு சாதன எண்ணையும், 'ஸ்டாட்டிக்' (ஒரே நிறத்தில் நிலையாக எரியும்) முறையையும், ஆறு இலக்க ஹெக்ஸ் எண்ணாக (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையிலான குறிகளால் எழுதும் எண்) நிறத்தையும் கொடுங்கள். சிவப்புக்கு முதல் இரண்டு இடங்களில் எஃப், மற்ற நான்கிலும் 0.

பலரும் தடுமாறுவது அனுமதியில்தான். பட்டியலில் கீபோர்டு வராவிட்டால் உடனே ரூட்டாக (முழு நிர்வாகி அதிகாரத்துடன்) இயக்காதீர்கள். அம்மென்பொருளுக்கான யூடெவ் விதிகளை (சாதனத்தை அணுகச் சாதாரணப் பயனருக்கு அனுமதி தரும் லினக்ஸ் விதிகள்) நிறுவி, கேபிளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். கோரமங்கலாவில் என் அறையில், இரவு 11 மணிக்கு ஆறு 0 கொண்ட கறுப்பு நிறக் கட்டளையை, அதாவது விளக்கை அணைப்பதை, கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் நிரல்) இயக்குகிறது. அறைத்தோழர் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்.