ஐபீஸில் தெளிவாகத் தெரியும் நிலா கேமராவில் ஏன் மங்குகிறது?

கேள்வி: என்னிடம் 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும்) தொலைநோக்கி இருக்கிறது. கேனான் டிஎஸ்எல்ஆர் கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு டி-ரிங்கையும் (கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் வளையம்) 1.25 அங்குல அடாப்டரையும் மாட்டினேன். ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், நிலா பளிச்சென்று தெரிகிறது. கேமராவில் வெறும் வெள்ளைத் திட்டுதான். ஃபோகசரை (ஐபீஸை முன்பின் நகர்த்தும் குழாய்) எந்தப் பக்கம் திருப்பியும் பயனில்லை. கோளாறு எதில்?

பதில்: எந்தப் பாகத்திலும் கோளாறு இல்லை, அளவுதான் ஒத்துவரவில்லை. ஐபீஸ் பார்க்கும் பிம்பம் ஃபோகசர் குழாயின் வாயருகே விழுகிறது. கேமராவின் சென்சாரோ உள்ளே தள்ளி இருக்கிறது. உங்கள் கேமராவில் மவுண்ட் வளையத்திலிருந்து சென்சார் வரை 44 மி.மீ., டி-ரிங்கின் தடிமன் 11 மி.மீ., ஆக 55 மி.மீ. அந்த ஐந்தரை சென்டிமீட்டரை ஈடுகட்ட ஃபோகசர் அவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும். கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த சிறு நியூட்டோனியன்கள் பலவற்றில் அதற்கு இடமே கிடையாது. மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் தீரும் என்று நினைக்க வேண்டாம். அதில் மவுண்டிலிருந்து சென்சார் வரை தூரம் குறைவுதான், ஆனால் அதற்கான வழக்கமான டி-ரிங் அந்த அளவுக்கு நீளமாக இருக்கும். கூட்டினால் அதே 55தான்.

முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். லைவ் வியூவை (கேமராத் திரையில் நேரடிக் காட்சி) போட்டு, நிலாவை நடுவில் வைத்து, ஃபோகசரை மெல்ல உள்ளே திருப்புங்கள். வெள்ளைத் திட்டு சுருங்கிக்கொண்டே வந்து, ஃபோகசர் முட்டி நின்றதும் அப்படியே நின்றுவிட்டால் நான் சொன்ன சிக்கல்தான். வெளியே இழுக்கும்போது சுருங்கினால் நேர் எதிர்: நீட்டிப்புக் குழாய் ஒன்று சேர்த்தால் போதும். லென்ஸ் வகைத் தொலைநோக்கியில் டயகனலை (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் பாகம்) கழற்றிவிட்டு கேமராவை மாட்டுபவர்களுக்கு இப்படித்தான் ஆகும்.

இந்தச் சோதனையைப் பகலில் எதிர்வீட்டு மாடியைப் பார்த்துச் செய்யாதீர்கள். 20 மீட்டர் தூரத்துப் பொருளின் பிம்பம் இந்தத் தொலைநோக்கியில் நிலாவின் பிம்பத்தைவிட ஏறத்தாழ 2 செ.மீ. வெளியே விழும். பகலில் ஃபோகஸ் கிடைத்ததே, இரவில் ஏன் கிடைக்கவில்லை என்று குழம்ப நேரிடும்.

தீர்வு 2 மடங்கு பார்லோ லென்ஸ். அது குவியும் கதிர்களைச் சற்றே விரித்து, குவியும் இடத்தை வெளியே தள்ளிவிடுகிறது. வாங்கும்போது மேல்முனையில் டி-திரெட் உள்ள பார்லோவாகப் பாருங்கள். ஐபீஸ் செருகும் தலைப்பகுதியைக் கழற்றினால் 42 மி.மீ. மரை தெரியும், டி-ரிங்கை நேராக அதில் திருகிவிடலாம். அடாப்டரே தேவையில்லை, ஆட்டமும் குறையும். சாதாரண பார்லோவில் அடாப்டரைச் செருகினாலும் வேலை நடக்கும். ஆனால் சென்சார் பார்லோவிலிருந்து விலக விலக உருப்பெருக்கம் 2 மடங்கைத் தாண்டும். நிலா சட்டத்துக்குள் அடங்காமல் போகலாம். ஒரு எச்சரிக்கை: பழைய எம்42 கேமரா லென்ஸ்களின் மரையும் 42 மி.மீ.தான். ஆனால் அதன் புரியிடைவெளி 1 மி.மீ., டி-திரெட்டில் 0.75. இரண்டு சுற்றில் இறுகினால் நிறுத்திவிடுங்கள். பலவந்தப்படுத்தினால் மரை போய்விடும்.

முதன்மைக் கண்ணாடியை நீள போல்ட் போட்டு மேலே நகர்த்தும் வழியும் உண்டு. கண்ணாடிகளை நேராக்கும் வேலை கைப்படாதவர் அதில் இறங்க வேண்டாம்.

பார்லோவால் இன்னொரு நன்மை. நிலாவின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்று அறிய, குவியத்தூரத்தை 110-ஆல் வகுத்தால் போதும். 650 மி.மீ.க்கு 6 மி.மீ. கூட வராது. பார்லோவோடு 1300 மி.மீ. ஆகும்போது சுமார் 12 மி.மீ.; ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய அளவு) சென்சாரின் உயரம் 15 மி.மீ. என்பதால் கச்சிதமாக அமரும்.

கேமரா கூடியதும் முன்பக்கம் கனக்கும். குழாய் வளையங்களைத் தளர்த்தி, குழாயைப் பின்னுக்கு நகர்த்திச் சமன் செய்யுங்கள். இதைத் தட்டிக்கழித்தால் கை எடுத்ததும் நிலா சட்டத்தை விட்டு நழுவும்.

கேமராவை எம் (மேனுவல்) பயன்முறையில், ரா (பதப்படுத்தாத) கோப்பில் வையுங்கள். தானியங்கி அளவீடு கறுப்பு வானத்தைப் பார்த்து ஏமாந்து நிலாவை வெளுக்கடித்துவிடும். பார்லோவோடு உங்களுக்கு எஃப்/10. முழுநிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125. அரைநிலாவின் பரப்பு அதைவிட வெகுவாக மங்கல். ஐஎஸ்ஓ 400-இல் அதே 1/125 வைத்து, 1/60, 1/250 என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் இல்லையே என்ற கவலை வேண்டாம். நிலா சென்சாரில் நொடிக்கு 0.1 மி.மீ.க்கும் குறைவாகவே நகர்கிறது. இந்த வேகங்களில் அது தெரியாது. படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கைபட்ட அதிர்வுதான். லைவ் வியூவிலேயே, 10 நொடி டைமரில் எடுங்கள். மெல்லிய முக்காலியில் 2 நொடி போதாது.

ஃபோகஸுக்கு நிலாவின் வெளி விளிம்பை நம்பாதீர்கள். ஒளியும் இருளும் பிரியும் கோட்டருகே ஒரு பள்ளத்தை 10 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். வளர்பிறை அரைநிலா அன்று தாலமியஸ், அல்ஃபோன்சஸ், ஆர்சாக்கெல் என்ற பள்ளங்கள் மூன்றும் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றில் அல்ஃபோன்சஸ், ஆர்சாக்கெல் இரண்டின் நடு முகடும் நிழலும் கத்தரித்தாற்போல் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஃபோகசரின் பூட்டுத் திருகை இறுக்குங்கள். இறுக்கும்போது ஃபோகஸ் லேசாக நகர்ந்திருக்கும். மறுபடி ஒருமுறை பாருங்கள். முழுநிலாவில் நிழலே விழாததால், எவ்வளவு கூர்மையாக எடுத்தாலும் படம் தட்டையாகத்தான் இருக்கும்.

திரையில் பள்ளங்கள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளிந்தால் அது காற்றின் வேலை. நிலா உச்சிக்கு ஏறும்வரை பொறுங்கள், 30 படங்களாவது எடுங்கள், நெளியாத ஒன்றிரண்டைப் பொறுக்குங்கள். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் ஒரு நிமிட வீடியோ எடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருளில் கொடுங்கள். சிறந்த 10 முதல் 20 சதவீத சட்டங்களை மட்டும் அது அடுக்கித் தரும்.