அமெரிக்காவில் ‘ஜான்’ தேய்ந்த வரலாறு: கேள்வி பதில்

கேள்வி: ஆண் குழந்தைகளுக்கு ஜான் என்று பெயரிடுவது அமெரிக்காவில் எப்போது குறையத் தொடங்கியது?

பதில்: பலரும் எண்ணுவதைவிட வெகு முன்பே. ஓய்வூதியம் வழங்கும் அமெரிக்க அரசு அமைப்பான சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பெயர்ப்பட்டியல் 1880ஆம் ஆண்டுப் பிறப்புகளிலிருந்து தொடங்குகிறது. அவ்வாண்டு ஆண் குழந்தைகளில் 9,655 பேர், அதாவது நூற்றுக்கு எட்டுப் பேர், ஜான். 1923 வரை முதலிடம் அதற்கே. 1924இல்தான் ராபர்ட் முந்தியது. ஆனால் அந்த முதலிடக் காலத்திலேயே அதன் பங்கு கரைந்து, 1900இல் ஏறத்தாழ 6 சதவீதம் ஆகிவிட்டது. தரவரிசையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தச் சரிவு நாற்பது ஆண்டுகள் கண்ணில் படாது, பங்கைப் பாருங்கள்.

கேள்வி: 1947இல் 80,000க்கும் மேற்பட்ட ஜான்கள் பிறந்தார்களே, அது வளர்ச்சி இல்லையா?

பதில்: போருக்குப் பின் பிறப்புகள் பெருகின, பெயரின் செல்வாக்கு பெருகவில்லை. அவ்வாண்டு அதன் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. பழைய எண்ணிக்கைகளையும் அப்படியே நம்ப வேண்டாம்: பட்டியலுக்கு அடிப்படையான சமூகப் பாதுகாப்பு எண் வழங்கப்பட்டதே 1936 முதல்தான் என்பதால், 1880இல் பிறந்து அதுவரை வாழ்ந்து, அந்த எண்ணுக்கு விண்ணப்பித்தவர்கள் மட்டுமே பட்டியலில் இருக்கிறார்கள். மீண்டும் சொல்கிறேன், பங்கைப் பாருங்கள்.

கேள்வி: ஜொனாதனையும் சேர்த்து எண்ணினால் சரிவு மறைந்துவிடுமா?

பதில்: சேர்க்கக் கூடாது. இரண்டும் எபிரேயத்திலேயே வெவ்வேறு பெயர்கள்; தமிழ் விவிலியத்தில் யோவான் வேறு, யோனத்தான் வேறு.

கேள்வி: ‘ஜான்’ என்பது ஜொனாதனின் சுருக்கம்தானே?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: புகழ்பெற்ற ஒருவரால்தான் பெயர்கள் ஏறி இறங்குகின்றன. நடிகர் கேரி கூப்பர் ஒருவரே போதுமான சான்று. நீங்கள் இதை ஏன் ஏற்பதில்லை?

பதில்: கேரியின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. ஃபிராங்க் என்ற இயற்பெயர் கொண்ட அந்த நடிகருக்கு இந்தியானா மாநிலத்தின் கேரி நகரப் பெயரைச் சூட்டினார்கள். நகரமோ எல்பர்ட் கேரி என்ற எஃகுத் தொழிலதிபரின் குடும்பப் பெயரைக் கொண்டது. அதுவரை முதற்பெயராக அரிதாயிருந்த அது, 1950களில் முதல் பத்துக்குள் வந்தது. ஆனால் உங்கள் சான்று அரிய பெயருக்கே பொருந்தும். தெருவுக்குத் தெரு ஜான் இருந்த நாட்டில், தனியொரு மனிதரின் புகழோ இழிவோ அந்தப் பெயரை எவ்வளவு அசைத்துவிட முடியும்?

கேள்வி: அப்படியானால் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் படுகொலை?

பதில்: கொலை நடந்தது 1963இல், சரிவு அதற்கு எண்பது ஆண்டு மூத்தது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் கடமையுணர்வு தளர்ந்ததும், பிள்ளைக்குத் தனித்த பெயர் வேண்டும் என்ற விருப்பம் வலுத்ததுமே காரணம் என்பது என் உறுதியான கருத்து. 2017 முதல் முதலிடத்திலிருக்கும் லியாமின் பங்கே ஏறத்தாழ 1 சதவீதம்தான் என்பதைக் கவனியுங்கள். ஜானை வீழ்த்தியது மற்றொரு பெயரன்று; எல்லாருக்கும் பொதுவான பெயர் என்ற எண்ணமே கலைந்துவிட்டது.

கேள்வி: என் மகனுக்கு ஜான் என்று வைக்கலாமா?

பதில்: அதை உங்கள் வீட்டாரிடம் கேளுங்கள். பட்டியலைப் பொறுத்தவரை, அது இன்றும் முதல் 50க்குள் இருக்கிறது.