கப்பலுக்கும் துடுப்பு உண்டா?

கேள்வி: சார், பெரிய பயணிகள் கப்பல்ல எவ்ளோ அலை அடிச்சாலும் டம்ளர் தண்ணி சிந்தாதாமே, நெசமா?

பதில்: சிந்தவே சிந்தாதுங்கறது கொஞ்சம் ஓவர்! ஆட்டம் குறையும், அவ்ளோதான். தண்ணிக்கு அடியில ரெண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி ஃபின் நீட்டிக்கிட்டிருக்கும், குயின் மேரி 2 கப்பல்ல இது 4 இருக்கு, கப்பல் இடது பக்கம் சாயுறப்ப சென்சார் மோப்பம் புடிச்சு இடது ஃபின் மூக்க மேல திருப்பும் வலதுபக்கத்தத கீழ திருப்பும், விமான ரெக்கைய காத்து தூக்குற மாதிரி ஓடுற தண்ணி தூக்கி நிமித்திரும். கப்பல் நின்னுட்டா தண்ணி ஓட்டமே இல்லையே, அப்ப சாதா ஃபின் சும்மாதான். 1932ல வந்த இத்தாலி கப்பல் கோண்டே டி சவோயால ஒவ்வொண்ணும் 100 டன்னுக்கு மேல கனமான 3 பம்பரத்த (ஜைரோஸ்கோப்) ஆட்டத்த அடக்க உள்ளயே சுத்த விட்டாங்க, யானைய கட்டி தீனி போட்ட கதைதான்! முன்னும் பின்னும் ஆடுச்சுன்னா? ஃபின் பெருசா உதவாது, எலுமிச்சம்பழம் கைல வச்சுக்கங்க.